ஒரு கவளம் குறைப்போம்



கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், முற்காலத்தில் பாடலிபுரம் என வழங்கிச் சமண முனிவர்கள் வாழ்ந்த தலமாகும். லோகவிபாகம் என்னும் நூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், இவ்வூரில் நிறைவுற்றது என்பர். அம்முனிவர்கள் உண்ட முறையைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நம் குடும்பத்தார் இன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாம் புலால் உண்பதில்லை. ஆயினும் உடற்பருமனும் நீரிழிவும் நம் இல்லங்களிலும் புகுந்துள்ளன. இந்தியாவில் நீரிழிவுடையோர் சுமார் 10 கோடிப் பேர் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. எதனை உண்ணலாகாது என்பதைக் கொல்லாமை உணர்த்தும். எவ்வளவு உண்ணலாம் என்பதைத் தவமே உணர்த்தும்.

புறத்தவம் ஆறனுள் முதலாவது உண்ணாநோன்பு, இரண்டாவது ஊனோதரம். ஊனம் என்பது குறைவு. உதரம் என்பது வயிறு. ஆடவர்க்கு 32 கவளமும் மகளிர்க்கு 28 கவளமும் நிறைவுணவு என வகுத்து, அதில் ஒரு கவளமேனும் குறைத்துண்பதை ஊனோதரம் என்றனர் ஆசாரியர். அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் உண்ணாதிருந்து, மறுநாள் பாரணையில் நெய்யும் இனிப்பும் முந்திரியும் இரட்டிப்பாக உண்டால், அந்நோன்பால் எடையும் குறையாது; ஆசையும் அடங்காது. ஒருநாள் பட்டினியினும் நாள்தோறும் ஒரு கவளம் குறைத்தல் அரிது. அதுவே நிலைத்த பயன் தருவது.

பணி முடித்துக் கடலூர், சிதம்பரம் பேருந்துகளில் இரவில் வீடு திரும்புவோர், சுண்டலோ பழமோ உடன்கொண்டு சென்று கதிரவன் மறையுமுன் உண்க. இரவுண்ணாமையும் காக்கப்படும், கடைவீதி பஜ்ஜியும் விலகும். நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைச் சுருக்குதல் இரசபரித்யாகம் என்னும் தவத்தின்பாற்படும்.

உடலுழைப்பும் வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நன்று என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடலூரார்க்கு வெள்ளிக் கடற்கரையும், சிதம்பரத்தார்க்கு நான்கு பெருவீதிகளும் உள்ளன. வெளிச்சம் வந்தபின், எறும்பும் மிதிபடாதவாறு நிலம் நோக்கி நடந்தால் ஈரியா சமிதியின் பழக்கமும் கைகூடும். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே குருதியழுத்தமும் சர்க்கரையும் சீர்படத் தொடங்கும்.

நீரிழிவுக்கு மருந்து உண்போர், கருவுற்ற மகளிர், முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்த பின்னரே நோன்பு ஏற்க. உடல் அறம் செய்வதற்கான கருவி. அதனைச் சிதைத்தல் தவமாகாது.

கால எல்லையுடன் ஏற்பது நியமம். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். அடுத்த இதழ் வரும்வரை, மூன்று திங்கள், ஒரு கவளம் குறைத்தலையும் அரைமணி நடையையும் குடும்பத்துடன் நியமமாக ஏற்போம். பழகியபின் அதுவே யமமாகட்டும்.

வாழ்க ஜினதருமம்!