கிடைத்த இடத்தில் பாடம்

குன்னம் இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று ஏதாவது ஒரு வேலையாகச் சுற்று வட்டாரத்து ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். 1860களின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு வேலை வேறு. வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். ஆதரிக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அதுதான் அவருக்கு ஊர். கூட ஒரு மகன். தமிழ் படிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு அந்தப் பையனுக்கு. உ.வே. சாமிநாதையர் என்று பிற்பாடு நாம் அறிந்தது அவனைத்தான்.

அவர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட இந்தப் பக்கத்து வருஷங்கள்தான் மனசில் நிற்கின்றன. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழின் ருசி. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை. எந்த ஊரில் அப்பாவுக்குச் சோறு கிடைத்ததோ அந்த ஊரில் யார் என்ன தெரிந்து வைத்திருந்தாரோ, அதுவே பாடம். நன்னூல் முதலில் வர வேண்டுமா, புராணம் முதலில் வர வேண்டுமா என்று அவன் கேட்க முடியாது.

மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றொரு மகாவித்துவான் இருக்கிறார் என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், 'அங்கே போய் முறையாக ஆரம்பித்துக்கொள்ளலாம்' என்று குன்னத்து வருஷங்களைத் திண்ணையில் கழித்திருப்பேன். முறையாக என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை வருஷத்தை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

1871இல் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது வயது பதினாறு. 1876 பிப்ரவரி முதல் தேதி பிள்ளை காலமாகிவிட்டார். கனவு கண்ட குருவோடு கிடைத்தது ஐந்து வருஷம்கூட இல்லை. நன்னூலும் காரிகையும் வழியிலேயே முடிந்திருந்ததால்தான் அந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடிந்தது.

•

அரியலூரில் ஒரு நூலகம். குரூப் 4 படிக்கிற கூட்டம் காலையிலேயே வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிடும். அதில் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் நோட்டின் முதல் பக்கங்களைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு நிறமாக ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய டைம்டேபிள். அடுத்த பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து மேலும் ஒன்று. பிறகு திடீரென்று நிறமெல்லாம் நின்றுபோய், நீல மையில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் குறிப்புகள், இடைவெளி விடாமல், பொடி எழுத்தில்.

"டைம்டேபிள் போடுறதை நிறுத்துன அன்னைக்குத்தாங்கண்ணே படிக்கவே ஆரம்பிச்சேன்" என்றாள். "அது போட்டு முடிச்சாலே பாதி படிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் எங்க படிக்கிறது?"

இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண். அதில் நூறு கேள்வி தமிழ். மொத்தத்தையும் நினைத்தால் மலைப்பு வந்துவிடுகிறதாம். அதனால் நினைப்பதில்லை, பையன் ட்யூஷன் முடிந்து வருவதற்குள் ஒரு பாடம், அவ்வளவுதான்.

கனடாவில் திமோதி பிச்சில் என்ற உளவியல் பேராசிரியர் இதையே வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத குறை அல்ல, அந்த வேலை கிளப்புகிற சங்கடத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கிற வழி என்பது அவர் கட்சி. சரிதான் என்று படுகிறது. சோம்பேறிகள் டைம்டேபிளுக்கு நிறம் தீட்ட மாட்டார்கள்.

•

தள்ளிப்போடுகிறவர்கள் போகக் கூடாத இடம் ஒன்று பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது: சாத்தனூர் கல்மரம். பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. வயது பன்னிரண்டு கோடி வருஷம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தால் இன்றைக்கு ஒரு காரியத்தை முடித்தால் என்ன, அடுத்த வருஷம் முடித்தால் என்ன என்று ஆகிவிடும்.

•

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது வெங்காயப் பட்டறை.

சின்ன வெங்காயம் பிடுங்கியதும் விற்றுவிட வேண்டும் என்று இல்லை. விலை இல்லாவிட்டால் பட்டறை போடுவார்கள். தரையில் ஈரம் ஏறாதபடி அடியில் உயர்த்தி, இரண்டு பக்கமும் காற்றுப் போக அடைப்பு வைத்து, மேலே கீற்று வேய்ந்து, தாளோடு அடுக்கிவிடுவார்கள். மாதக்கணக்கில் கிடக்கும். செட்டிகுளம் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாய்க்கொழுப்பாகக் கேட்டேன்.

"ஏண்ணே, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே போட்டு வச்சிருப்பீங்க?"

"வெல வரட்டும் தம்பி."

"சும்மா கெடக்குதேண்ணே."

"எங்க சும்மா கெடக்குது?" என்று பக்கத்து அடைப்புக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். இரண்டை மோந்து பார்த்துவிட்டு ஒன்றை வீசினார். "ஒண்ணு அழுவுனா அந்த வரிசையே போயிரும். நெதம் கை படணும்."

பிள்ளை காலமாகி ஐம்பத்தேழு வருஷம் கழித்து, 1933இல்தான் குருவின் சரித்திரத்தை உ.வே.சா. வெளியிட்டார், இரண்டாம் பாகம் அடுத்த வருஷம். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடப் பெரிய தள்ளிப்போடல் இருக்க முடியாது. ஆனால் அத்தனை காலமும் கடிதங்களும் தனிப்பாடல்களும் பழகியவர்கள் சொன்ன செய்திகளும் அவரிடம் சேர்ந்துகொண்டே இருந்தன. அது பட்டறைச் சரக்கு. நம்மில் பலர் 'இன்னும் காலம் வரவில்லை' என்று சொல்லி வைத்திருக்கிற காரியத்தை எடுத்து மோந்து பார்த்தால் வேறு வாசனை வரும்.

•

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும்; விசேஷ நாள் என்றால் தனி. மற்ற நாளில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அவளைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள் லீவு போட்டு, ரயிலோ பஸ்ஸோ பிடித்து, சரியாக அந்தக் கிழமையில் வந்து நிற்கிறார்கள். வருகிற வழியில் தினமும் திறந்திருக்கிற எத்தனையோ கோயில்களைத் தாண்டித்தான் வருகிறார்கள். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்கு நாம் போவதே இல்லை.

உ.வே.சா.வுக்கும் கடைசியில் ஒரு கிழமைதான் கைகொடுத்தது. தன் கதையை எழுதும்படி பலர் பல காலமாகக் கேட்டும் நடக்காத காரியம், 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்ததும் நடந்துவிட்டது. அப்போது வயது எண்பத்து நாலு. வாரா வாரம் அச்சுக்குப் போக வேண்டும். முறையாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதையில் அவர் ஆரம்பிக்கவில்லை. அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்திருக்கும். சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் தொடங்கி, அரியலூர், குன்னம், கார்குடி, செங்குணம் என்று நடந்த வரிசையிலேயே போனார். 1942 ஏப்ரல் 28ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானபோது 122 அத்தியாயம் ஆகியிருந்தது. கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியோடு நின்றுவிட்டது. மிச்ச நாற்பது சொச்சம் வருஷத்தைப் பிற்காலத்தில் மாணவர் கி.வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்று எழுதினார்.

பாதியில் நின்றுபோனதே என்று பலர் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர் பட்டமும் பொன்னாடையுமாக அவர் இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர், யாராவது எழுதியிருப்பார்கள். செங்குணத்தில் காரிகை ஏட்டோடு உட்கார்ந்திருந்த பையனைப் பற்றி எழுத அவரை விட்டால் ஆள் கிடையாது.