தூக்கமில்லாத் தவம்

பாரீஸ் பகுதியிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்ப சுமார் 1,200 கிலோமீட்டர். அதிகபட்சக் கெடு 90 மணி நேரம். 1891இல் பந்தயமாகத் தொடங்கிய இந்த சைக்கிள் பயணத்தில் இன்று பரிசுப் பணம் இல்லை. பிறகு எதற்கு இந்த வதை?

உடலை வருத்துவது மட்டுமே தவமாகிவிடாது. வந்த துன்பத்தைப் பொறுப்பதோடு, பிற உயிருக்குத் தீங்கு செய்யாமையையும் சேர்த்தே வள்ளுவர் அதைத் தவம் என்றார். இந்தச் சாலைக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். இரண்டாம் இரவில் கண் சொருகும்போது ‘நான்’ என்ற வீறாப்பு கரைந்துபோகிறது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டிப் பிறருக்கு ஆபத்தாகாமல், பலர் சாலையோரத்திலேயே படுத்துவிடுகிறார்கள். வழியிலுள்ள பிரிட்டனி பகுதிக் கிராமத்தார் நள்ளிரவிலும் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காப்பியும் தண்ணீரும் தருகிறார்கள். அதற்குக் கை நீட்டுவதும் நோன்பில் சேர்ந்ததுதான்.

முதலில் வந்தவருக்கும், கெடு முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தவருக்கும் ஒரே பதக்கம்.