தொடர்பாடற் கல்வியும் வன்னி மக்களும்

கற்ற கல்விக்கு ஒருவன் யாரிடம் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன்? இது பழைய கேள்விதான். ஆயினும் தொடர்பாடல் என்னும் கல்வித்துறையை முன்வைத்துக் கேட்கும்போது அது புதிய கூர்மை பெறுகிறது. மருத்துவம் கற்றவன் நோயாளிக்கும், வேளாண்மை கற்றவன் உழவனுக்கும் கடமைப்பட்டவன் என்பதை எவரும் மறுப்பதில்லை. எழுதவும் படம் பிடிக்கவும் ஒலிபரப்பவும் கற்றவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? சம்பளம் தருபவனுக்கா, பட்டம் தந்த நிறுவனத்துக்கா, அன்றி எவருடைய வாழ்வை அவன் செய்தியாக்குகிறானோ அந்த மக்களுக்கா?

வன்னி மண்ணில் நின்று இக்கேள்வியை எழுப்புவது பொருத்தமானது. 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் ஆகிய மூன்று பீடங்களுடன் எழுந்தது. தொடர்பாடலைச் சிறப்புப் பாடமாகக் கற்க விரும்பும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாணவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைகளை நாடலாம். வசதியுள்ளவர் கடல் கடக்கலாம். கடலுக்கு அப்பால் கிறிஸ்தவ நிறுவனங்கள் இத்துறையில் முன்னணியில் நிற்கின்றன. 1925இல் இயேசு சபையினர் நிறுவிய சென்னை இலயோலாக் கல்லூரி காட்சித் தொடர்பியல் கற்பிக்கிறது. 1969இல் கல்லூரியாகத் தோன்றி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான பெங்களூர்க் கிறைஸ்ட் நிறுவனத்திலும் இத்துறை உண்டு. கல்விக் கட்டணம் இல்லாத நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களைப் போன்றவை அல்ல இவை. கடன்பட்டும் நகை விற்றும் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு, அந்தக் கல்வி எதைத் திருப்பித் தரும்?

மிஷன் கல்வி எழுதுவினைஞரை உண்டாக்கியது. இன்றைய தொடர்பாடற் கல்வி விளம்பர நிறுவனங்களுக்கு ஆள் திரட்டுகிறது என்று ஒரே வரியில் தீர்ப்பளிக்க நம்மிற் சிலர் விரும்பக்கூடும். அதில் ஒரு பகுதி உண்மை, முழு உண்மையன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியை எடுத்துக்கொள்வோம். 1841இல் வெளிவந்த 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்கள் அங்கே பயின்ற தமிழர்களே. ஆனால் 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்ற மாணவர் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்தை நாடினர் என்பதே முதன்மையான குறை. நிறுவனம் ஒன்றை நினைத்தது. மாணவர் வேறொன்றைச் செய்தனர்.

ஆறுமுக நாவலரோ இன்னும் ஒரு படி சென்றார். வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர், 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவி, கற்ற வித்தையை மிஷனுக்கு எதிராகவே திருப்பினார். சாதி பற்றிய அவரது நிலைப்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் கருவி எங்கிருந்து கிடைத்தது என்பதைவிட, அது யார் பக்கம் நின்றது என்பதே முக்கியம் என்ற பாடத்தை அவர் வாழ்விலிருந்து பெறலாம். அவர் பக்கம் நில்லாத மக்களை எண்ணும்போது அப்பாடம் இரட்டிப்பாகிறது.

தொடர்பாடலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல், 'பொது' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. திருவிருந்தைக் குறிக்கும் கிறிஸ்தவர்களின் சொல்லும், கம்யூனிசம் என்னும் சொல்லும் அதே வேரின. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் வெளியிட்ட சங்க ஆணையில் 'சமூகத் தொடர்பாடல்' என்னும் பெயரைத் தேர்ந்தது. 1971இல் வந்த ஆவணம் மனிதரின் ஒன்றிப்பையும் முன்னேற்றத்தையும் தொடர்பாடலின் நோக்கமாக அறிவித்தது. ஆகவே, 'நீங்கள் எதைப் பொதுவாக்கினீர்கள்?' என்று இந்நிறுவனங்களைக் கேட்பது அந்நியமான அளவுகோலன்று. அவை தாமே ஏற்ற அளவுகோல்தான்.

அந்த அளவுகோலை 2008ஆம் ஆண்டு வன்னிக்குக் கொண்டு வருவோம். அவ்வாண்டு செப்டெம்பரில், அரசாங்கத்தின் உத்தரவின்படி ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போக வேண்டாம் என்று மக்கள் வாயிலில் நின்று கெஞ்சினர். சுதந்திரமான செய்தியாளருக்கு அரசு அனுமதி மறுத்தது. புலிகளின் ஆட்சிப்பகுதியிலும் மாற்றுக் குரலுக்கு இடமிருக்கவில்லை. வானில் செய்மதிகள் இருந்தன. உலகத் தலைநகரங்களில் தேர்ந்த தொடர்பாளர்கள் இருந்தனர். இறந்தோர் பற்றிய கணக்குகளைத் திரட்டிய ஐ.நா., அவற்றை உரிய வேளையில் முழுமையாக வெளியிடத் தவறியதை அதன் சொந்த விசாரணைக் குழுவின் 2012 அறிக்கை எடுத்துக்காட்டியது. காயப்பட்டோரைப் பற்றித் தொலைபேசி வழியே உலகுக்குச் சொன்னவர்கள், தொடர்பாடலை ஒருநாளும் பாடமாகப் பயிலாத அரசாங்க வைத்தியர்கள். அவர்கள் தடுத்துவைக்கப்பட்டு, 2009 ஜூலையில் செய்தியாளர் முன் தம் சொற்களை மறுத்துரைத்தனர். இவற்றிலிருந்து புலனாவது யாது? அன்று குறைந்தது தொழினுட்பமன்று; சொல்லும் கடமையைத் தம்முடையதாக ஏற்ற மனிதரே குறைந்தனர்.

பின்னர் ஒருவர் ஏற்றார். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஓர் எளிய கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் பதிவின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679. இவர்கள் அனைவரும் இறந்தனர் என்று அவர் முடிவுகட்டவில்லை. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அலங்காரமில்லை, ஆவேசமில்லை, அரசின் ஏடுகளிலும் ஐ.நா. பதிவிலும் கிடந்த எண்களைப் பொதுவாக்கினார். தொடர்பாடல் மாணவர் முதல் ஆண்டிலேயே கற்க வேண்டிய பாடம் இது என்போம்.

இன்னொரு பாடமும் வன்னியில் உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினர். ஆண்டுகள் கடந்தன, விடை பெறாமலே கண்மூடிய பெற்றோர் பலர். ஒளிப்படக் கருவிகள் வந்தன, சென்றன. பிள்ளையின் படத்தை மார்போடணைத்த தாயை மறுபடியும் அழச்செய்து பதிவு செய்வது யாருடைய தேவை? அவள் கேட்பது இரக்கமன்று, விடை. அவளுடைய கண்ணீரை மட்டும் எடுத்துக் கேள்வியை விட்டுச்செல்லும் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும், அவளிடமிருந்து ஒன்றைப் பறித்ததேயாகும். அவள் சம்மதத்தைக் கேட்பதும், எடுத்ததை அவளிடமே திரும்பக் காட்டுவதும், அவளுடைய கேள்வி உரியவனின் வாசலை அடையும்வரை பின்தொடர்வதும் அறம். பட்டத்துக்குரிய செய்முறைப் பயிற்சி என்பதால் இந்த அறம் தளர்ந்துவிடாது.

'ஏழை மாணவன் பிழைக்க வேண்டாமா?' என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும். கடனை அடைக்க விளம்பர நிறுவனத்தில் வேலை ஏற்கும் வன்னி இளைஞனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு உரிமையில்லை. அவனை அந்த ஒரே வழியில் நிறுத்தும் கட்டணத்தையும் சந்தையையுமே நாம் கேள்வி கேட்க வேண்டும். கூடவே, அன்பையும் நீதியையும் தன் முகப்பில் எழுதிவைத்திருக்கும் பல்கலைக்கழகம், கடன் சுமையின்றி வன்னிப் பிள்ளைகள் கற்க எத்தனை இடங்களை ஒதுக்குகிறது என்றும் கேட்க வேண்டும்.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாயினும் அரசுப் பல்கலைக்கழகமாயினும், கற்கக் கிடைக்கும் இடத்தில் நம் மாணவர் கற்கட்டும். கச்சேரிப் பதிவேட்டை வாசிக்கவும், எண்களை ஒப்பிடவும், பேசுவோரைக் குறுக்கிடாமல் கேட்கவும் பழகட்டும். கற்றபின் அவர்கள் எங்கு வேலை செய்தாலும், எழுதிய ஒவ்வொரு வரியையும் பற்றி முல்லைத்தீவுத் தாய் ஒருத்தி கேட்டால் முகம் திருப்பாமல் பதில் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். அவர்களை அவ்வாறு உருவாக்கும் பொறுப்பு விரிவுரையாளருக்கு மட்டுமுரியதன்று; பள்ளிக்கூடங்களில் நிற்கும் நமக்கும் உரியது.