வைத்தியமும் வாணிபமும்

நோய் தீர்ப்பவன் லாபத்தை எண்ணலாமா என்னும் வினா, முத்துக்குளித்துறையின் ஏழு பரதவ ஊர்களுள் ஒன்றாகிய வேம்பாரில் எழுமானால், தலைமுறை தலைமுறையாகக் கடலில் பொருள் தேடியும் பரிசுத்த ஆவி ஆலயத்தில் முழந்தாளிட்டும் வாழ்ந்த மக்கள் அதை அத்துணை விசித்திரமாகக் கொள்ளமாட்டார்கள். இப்பக்கத்திலேயே, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களிடையே கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டு, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி, பணம் தருவோரின் கட்டணத்தைக் கொண்டே தர இயலாதோருக்கும் சிகிச்சை அளித்தார். ஸ்ரீ அரவிந்தரின் பக்தரான அவருக்கு வரவுசெலவுப் புத்தகமும் யோக சாதனமாயிற்று என்றே நான் கருதுகிறேன். இறக்குமதியான கண்வில்லை ஏழைக்கு எட்டாதிருந்த காலத்தில், அரவிந்தின் உற்பத்திக்கூடமாக 1992-இல் தோன்றிய ஆரோலேப் அதை இங்கேயே செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. தர்ம சிந்தை மட்டும் ஒரு வில்லையையும் கடைந்திருக்காது.

மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவைக் கற்பிக்கப் புகுவோர் (முதலீட்டாளரைக் கவரும் வித்தையோடு நின்றுவிடுவோரைச் சொல்லவில்லை) இங்கிருந்து தொடங்கலாம். வேம்பாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைக்க விரும்பும் பெண், கருப்பட்டி வியாபாரியிடம் எவ்வளவு வாங்கினால் பனையேறிக்கு இலவசமாகக் கொடுக்க முடியும் என்று போடும் கணக்கு, சேவா தர்மத்தைச் சேர்ந்ததா, வர்த்தகத்தைச் சேர்ந்ததா என்று என்னால் பிரித்துக் கூற இயலவில்லை. இரண்டு வகுப்பிலும் அதைப் போட்டுப் பார்க்கட்டும்.