நீலம் பூத்த கத்தி



தைப்பூசக் காவடிக்காக ஜெலுத்தோங் மரத்துல ஒரு சின்ன மயில் செதுக்கிக்கிட்டு இருந்தேன். கையில் தாத்தாவோட செதுக்குக் கத்தி. சமய வகுப்புத் தம்பி ஒருவன் அதை எடுத்து, சாய டின் மூடியை நெம்பிட்டான். கத்தி முனையில ஒரு துண்டு உடைஞ்சு போச்சு.

"தெரியாம செஞ்சிட்டேண்ணா" என்றான். நான் காதில் வாங்கவில்லை. எல்லார் முன்னாலயும் திட்டினேன். அதோடு அவன் வகுப்புக்கு வருவதில்லை.

அதே கோபத்தோடு கத்தியை மின்சாணையில் வைத்து அழுத்தினேன். ஐந்தே நிமிடத்தில் கூர் வந்தது. கூடவே விளிம்பில் நீலநிறமும் வந்தது. பொறியியல் படிக்கிறவனுக்கு அதன் பொருள் தெரியும். எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடாகிவிட்டது, பதம் இறங்கிவிட்டது. பார்க்கப் பளபளக்கும், ஆனா கூர் நிற்காது.

உடைப்பு தம்பி செய்தது. நீலம் நான் செய்தது. பெரிய சேதம் என்னுடையதுதான்.

சைவ சித்தாந்தம் ஆணவத்தைச் செம்பில் இருக்கும் களிம்புக்கு ஒப்பிடுகிறது. ஆணவம் என்றால் அடுத்தவன் காட்டும் பந்தா என்று நினைத்திருந்தேன். 'நான் சரி, நீ தப்பு' என்று எனக்குள் ஏறிய அந்தச் சூடும் ஆணவம்தான்.

நீலத்தைத் துடைத்தால் நிறம் மட்டும்தான் போகும். பதம் கெட்ட பகுதி முழுவதையும் தேய்த்து எடுக்கணும். தண்ணீர் விட்டு, முதலில் 400 கல், பிறகு 1000 கல், கடைசியில் தோல்வார். பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே கையால் தேய்த்தேன். மூன்று மாலை ஆனது. கத்தி 2 மில்லிமீட்டர் குறைந்தது. இப்போ கூர் நிற்கிறது.

மன்னிப்புக் கேட்பதும் இப்படித்தான். "சும்மா சொன்னேன்டா" என்பது நிறத்தைத் துடைப்பது மாதிரி. நாம கொஞ்சம் குறைந்தால்தான் கெட்டது போகும்.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். "திட்டினது என் தப்பு தம்பி" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் திட்டியவன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கணும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்கப் போகிறேன்.

மயிலோட கழுத்து இன்னும் பாக்கி இருக்கு. அவன் வந்தால் கத்தியை அவன் கையில் கொடுப்பேன்.

நீங்களும் யாரையாவது இப்படிச் சுட்டிருந்தால், இந்த வாரமே அவங்க வீட்டுக்குப் போங்க.

திருச்சிற்றம்பலம்.