சங்கற்பம்



அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்ததும் குருக்கள் நமது பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். சொல்லிவிட்டுக் கைகூப்பி நிற்கிறோம். அதன்பின் அவர் சொல்லுவதை அநேகர் கவனிப்பதில்லை. அதுவே சங்கற்பம். ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், செய்விப்பவரின் பெயர், கோத்திரம், கடைசியில் எதற்காகச் செய்விக்கிறார் என்பது. கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து காலமெல்லாம் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். அதனாலோ என்னவோ, எனக்கு இதுவும் ஒரு விண்ணப்பப் படிவமாகவே தோன்றும். திகதியும் முகவரியும் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். 'காரணம்' என்ற கட்டத்தில்தான் மழுப்புவார்கள்.

'சம்' என்றால் நன்றாக. 'கல்பம்' என்றால் அமைத்தல். ஒன்றைச் செய்வதென மனத்தில் உறுதியாக அமைத்துக்கொள்வது சங்கற்பம். உமாபதி சிவாசாரியார் 1313இல் அருளிய சங்கற்ப நிராகரணத்தில் இச்சொல் பிறர் கொள்கையைக் குறிக்கும், அது வேறு. சுக்கில யசுர்வேதத்தின் 34ஆம் அத்தியாயத்திலே சிவசங்கற்ப சூக்தம் என்று ஆறு மந்திரங்கள் உண்டு. என் மனம் நல்ல சங்கற்பம் உடையதாகுக என்பதே ஆறின் முடிவிலும் வருகின்ற வேண்டுதல். பொன்னோ பொருளோ அங்கே கேட்கப்படவில்லை.

எனது சங்கற்பம் எப்படியிருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வளவு எல்லை காரணமாக அண்ணனுக்கும் எனக்கும் வழக்கு. வெள்ளி தோறும் அர்ச்சனை செய்வித்தேன். குருக்கள் ஐயா சகல காரிய சித்திக்காக என்று சொல்லுவார். நான் நினைத்த காரியம் அண்ணன் தோற்க வேண்டும் என்பது. அவருக்கு அது தெரியாது.

அவ்வாண்டு ஆவணியில் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போனேன். நம் சின்னக் கதிர்காமத்திலே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல் பூசை செய்வதை அறிவீர்கள். பெயரும் நட்சத்திரமும் அங்கே எடுபடாது. எனக்காகச் சொல்ல ஒருவருமில்லை. நானேதான் முருகனிடம் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன். சின்ன வயதில் அதே சந்நிதிக்கு என்னைத் தோளில் சுமந்து வந்தவர் அண்ணன். பாதி வசனத்துக்கு மேல் வரவில்லை.

திரும்பும் வழியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மச்சாள் தேத்தண்ணி தந்தா. வழக்கைப்பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தவணையில் மீளப் பெற்றேன். வேலி இன்றும் அண்ணன் போட்ட இடத்திலேதான் நிற்கிறது.