உறைநீரில் ஒரு கேள்வி

மார்கழி விடியலில் அம்பகரத்தூர்க் குளத்தில் இறங்குவோர்க்கு முதல் முழுக்கு வரைதான் குளிர். அதன்பின் கரையேறத்தான் மனம் வராது. இத்தகைய நாம், 5 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில் மனிதர் போட்டியிட்டு நீந்துகின்றனர் என அறியும்போது, வியப்பைவிட எரிச்சலே முந்துகிறது. 2009-இல் தோன்றிய பன்னாட்டுப் பனிநீர் நீச்சல் சங்கம் இதற்கு விதிகளே வகுத்துள்ளது. சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி ஆகியவற்றோடு ஒரு மைல் நீந்தவேண்டும். நம் நாட்டிலும் இவ்வேட்கை இல்லாமலில்லை. உதயப்பூரில் வளர்ந்த பக்தி சர்மா, 2015 சனவரியில் அண்டார்டிகாவின் 1 பாகை நீரில் 2.28 கிலோமீட்டரை 41 நிமிடங்களில் நீந்தினார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் அவர்தம் தாயே!

எதற்காக இது? காரைக்கால் மீனவர் கொந்தளிக்கும் கடலில் படகைச் செலுத்துவது வீட்டில் அடுப்பெரிய. மூழ்கும் குழந்தைக்காகக் குதிப்பவரின் துணிவுக்கு விளக்கமே வேண்டியதில்லை. வெற்றி ஒன்றுக்காக, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உடலைப் பணயம் வைக்க நமக்கு உரிமை உண்டோ?

உரிமை இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் வல்வெட்டித்துறை ஆனந்தன் நினைவுக்கு வருகிறார். 1971-இல் பாக் நீரிணையை இருமுறை, போகவும் வரவும், 51 மணி நேரத்தில் கடந்தவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று உயிர்நீத்தார். அக்கால்வாய் உறைநீர் அன்று. எனினும் கோடையிலும் நம் கடலைவிட மிகக் குளிர்ந்தது. அவரை வீண்பிடிவாதக்காரர் என்றுரைக்க நமக்கு நா எழவில்லை.

எனவே உயிராபத்து என்பதொன்றே அளவுகோலாகாது. குளிர் செய்யும் வேலையையும் நோக்கவேண்டும். முதற்கணத்தில் மூச்சைத் திணறடிக்கிறது. பின்னர் கைகால்களின் வலுவைக் குறைக்கிறது. உடலின் உள்வெப்பம் தாழத்தாழ அறிவையும் மழுக்குகிறது. இன்னும் நீந்தமுடியும் என்று நீந்துபவர் சொல்லும் சொல்லை, ஒரு கட்டத்திற்குமேல் அவரே நம்பக்கூடாது! ஆகவேதான் மருத்துவச் சான்றும், கண்காணிப்பாளரும், மீட்போரும் இன்றி இதில் இறங்க இசைவில்லை. தெளிந்த அறிவோடு கரையில் நிற்கையிலேயே, 'நிறுத்து' என்று சொல்லும் உரிமையைப் பிறரிடம் அவர் ஒப்படைத்துவிடுகிறார். அந்த ஒப்படைப்பு மெய்யானதாயின் அங்கே உடலை அவமதித்தல் இல்லை என்றே கருதுகிறோம். ஆனால் பக்கத்துத் தடத்தில் எதிராளி முந்தும்போதும், கரையில் ஆரவாரம் பெருகும்போதும், கையசைத்து நிறுத்தும் மனவுறுதி அக்கண்காணிப்பாளர்க்கு வேண்டுமே! நீந்துபவரின் துணிவைப் பேசும் நாம் இவரது துணிவைப் பேசுவதில்லை.

நீரைவிட்டு ஏறியபின்னும் சிறிதுநேரம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். வென்றவர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே பூட்ட இயலாமல் நடுங்குவார். ஈரம் துடைத்து, உலர்ந்த உடை மாட்டி, காலுறையையும் அணிவிப்பவர்கள் உடன்வந்தவர்களே.